முத்துக்குளித்துறையில் மிதிவண்டிப் பயணம்

தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் அமர்ந்து செல்பவர்க்குக் கடல் அரிதாகவே கண்ணிற்படும். உப்பளங்களும் உடைமரங்களும் வாழைத்தோட்டங்களும் பனங்காடுகளுமே மாறிமாறி வரும். கடற்கரைச் சாலை என்னும் பெயர் பொருந்துமா என்று ஐயுறும் அளவுக்குக் கடல் விலகியே நிற்கும். கடல் மட்டுமன்று, முத்துக்குளித்துறை எனப் புகழ்பெற்ற இக்கரையின் பழம்பெரும் ஊர்களுள் பலவும் அவ்வாறே சாலையை விட்டு விலகி நிற்கின்றன. கொற்கை மேற்கே உள்ளடங்கிக் கிடக்கிறது. புன்னைக்காயல் கிழக்கே ஆற்று முகத்தில் ஒதுங்கியிருக்கிறது. மணப்பாடு மணற்குன்றின்மீது கடலுக்குள் நீட்டிக்கொண்டு தனியே நிற்கிறது.

இதற்குக் காரணம் தாமிரபரணி. அவ்வாறு கொணர்ந்து கொட்டிய மண்ணால் கழிமுகம் தூர்ந்தது, கடல் பின்வாங்கியது, துறைமுகமும் கடலைத் தேடி இடம்பெயர்ந்தது. மதுரைக்காஞ்சியும் அகநானூறும் முத்துக்காகப் பாடும் கொற்கை இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூர். அதன்பின் சிறப்புற்றது பழையகாயல். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்து எழுதிய ‘காயல்’ இவ்வூரே என்று கால்டுவெல் துணிந்தார். அதுவும் தூர்ந்தது. சாலையோ இவற்றுக்கெல்லாம் பிற்பட்டது. அது பழைய துறைகளுக்காகப் போடப்பட்டதன்று. ஆகவே இக்கரையைக் காண விரும்புவோர் நெடுஞ்சாலையை விட்டு எங்கெங்கே திரும்புவது, எங்கே மீண்டும் வந்து சேர்வது என்பதையே முதலில் வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

எம் துறை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பதினொருவர், நெய்தல் திணையைப் பாடமாகப் படித்த சூட்டோடு, 2025 பொங்கல் விடுமுறையில் தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரை மிதிவண்டியில் செல்ல வேண்டுமென்று வந்து நின்றார்கள். நேர்ச்சாலையில் நூற்று முப்பது கிலோமீட்டர் அளவில் வரும். நான்கு நாள் போதும். இளைஞர்க்கு இது பெரிய தொலைவன்று. எனக்கும் மறுப்பில்லை. ஆயின், அச்செய்தி ஓய்வுபெற்ற எம் மூத்த பேராசிரியர் செவிக்கு எட்டிற்று. துறை நூலகத்துக்கு இன்றும் நாள்தோறும் வந்து செல்லும் அப்பெரியவர், “நானும் வருகிறேன்” என்றார்.

அவருக்கு அகவை எழுபது. ஈராண்டுகளுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. வீட்டில் மகள் இசையவில்லை. அவர் வேண்டுகோளின் காரணம் எனக்குத் தெரியும். தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1955 முதல் ஆண்டுதோறும் நடந்து 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அக்கடைசி ஆண்டில் ஆறு வயதுச் சிறுவனாக, வாப்பாவின் தோள்மீது அமர்ந்து, கரையில் சிப்பிகள் குவித்து ஏலம் விடப்படுவதைக் கண்டவர் அவர். சிப்பி அழுகும் நாற்றம் இன்றும் மூக்கில் நிற்பதாக வகுப்பில் சொல்வார். முப்பது ஆண்டுக்குமேல் கொற்கை முத்தைப் பாடம் சொன்னவர், கொற்கையைக் கண்டதில்லை. “காரில் போய் இறங்கிப் பார்த்துவிட்டு வரலாமே ஐயா” என்று ஒருமுறை கூறினேன். “காரில் போனால் கொற்கை தெரியும், கொற்கைக்கும் கடலுக்கும் இடையிலுள்ள தொலைவு தெரியாது” என்றார்.

அவரை விட்டுவிட்டுச் செல்வதா, அழைத்துச் செல்வதா? மருத்துவர் ஓர் அளவு கூறினார்: சமதரையில், இளவெயிலில், ஒரு வேளைக்குப் பத்துக் கிலோமீட்டர், மூச்சு வாங்கினால் உடனே நிறுத்த வேண்டும். அவ்வாறாயின் இடையிடையே அவரை ஏற்றிக்கொள்ள ஒரு வண்டி வேண்டும். இங்கே மாணவருள் ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார்: “வண்டியில் ஏறி இறங்கினால் அது மிதிவண்டிப் பயணம் ஆகுமா ஐயா?”

பெரியவர் சினங்கொள்ளவில்லை. “தம்பி, முத்துக்குளித்தவன் தூத்துக்குடியிலிருந்து முத்துப்பார் வரைக்கும் நீந்தியா போனான்? தோணியில்தான் போனான். இறங்க வேண்டிய இடத்தில்தானே இறங்கினான்” என்றார்.

எங்கள் திட்டம் முழுவதும் அவ்விடையிலிருந்தே உருவாயிற்று. அதுவரை நாங்கள் எண்ணியிருந்தது வேறு: நெடுஞ்சாலையை மிதித்துக் கடப்பது, கிளைப்பயணங்களுக்கு நேரமிருந்தால் வண்டியில் சென்று எட்டிப் பார்ப்பது. பெரும்பாலோர் வகுப்பதும் இவ்வாறே. அதை அப்படியே திருப்பிப் போட்டோம். கால் வலிமையைக் கிளைச்சாலைகளுக்கு வைத்துக்கொள்வது. நெடுஞ்சாலைப் பகுதிகளில் தேவைப்படுவோர் வண்டியேறுவது. துறைமுகச் சரக்குப் பெட்டிகளைச் சுமந்த நீண்ட லாரிகளும் உப்பு லாரிகளும் விரையும் சாலையில் மிதித்துச் செல்வதால் அறிவு ஒன்றும் வளர்வதில்லை. குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் செல்லும் சிறு சாலையிலோ ஒவ்வோர் ஊரும் நின்று பேசும்.

அயல்நாடுகளில் இத்தகைய ஏற்பாடுகள் நன்கு வளர்ந்துள்ளன. அமெரிக்க நாட்டின் இருநூறாம் ஆண்டு விழாவையொட்டி 1976-இல் அந்நாட்டை மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை குறுக்கே கடக்கும் மிதிவண்டி வழி வகுக்கப்பட்டது. பிட்ஸ்பர்க்கிலிருந்து வாஷிங்டன் வரை பழைய இரயில் பாதையையும் கால்வாய்க் கரையையும் இணைத்து 2013-இல் முழுமைபெற்ற வழியில், களைத்தவரையும் மூட்டைகளையும் ஏற்றிச் செல்லக் கூலி வண்டிகள் உண்டு. அவற்றைப் படித்து ஏங்க வேண்டியதில்லை. திருச்செந்தூர்ச் சாலையில் தை மாதத்தில் நின்று பார்த்தால் போதும். பச்சையும் காவியும் உடுத்து நடந்துவரும் பாதயாத்திரைக் குழுவினர்க்கு முன்னே ஒரு வண்டி செல்லும். அரிசி, பாத்திரம், மூட்டை யாவும் அதில். குறித்த மரத்தடியில் அது காத்து நிற்கும். கால் வீங்கிய பாட்டி அதில் ஏறிக்கொள்வார். மாலையில் இறங்கி மீண்டும் நடப்பார். அவர் யாத்திரை குறைந்துவிட்டதாக எவரும் கருதுவதில்லை. எங்கள் ஏற்பாட்டுக்கு முன்மாதிரி அவர்களே.

வண்டி எளிதில் கிடைத்தது. மாணவர் ஒருவரின் தாய்மாமன் ‘குட்டியானை’ என்று மக்கள் வழங்கும் சிறு சரக்கு வண்டி வைத்திருக்கிறார். டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் பெற்றுக்கொண்டு நான்கு நாளும் வர இசைந்தார். அதில் ஓட்டுநர்க்கருகே ஒருவர்தான் அமரலாம். பின்புறம் சரக்குக்கே உரியது. அதில் ஆளை ஏற்றலாகாது என்று அவரே உறுதியாகக் கூறிவிட்டார். எனவே ஒரே வேளையில் இருவர் களைத்தால் ஒருவர் வண்டியிலும் மற்றவர் டவுன் பஸ்ஸிலும் செல்வது, மிதிவண்டி இரண்டும் பின்னே ஏறுவது என்று முடிவாயிற்று. பேருந்து நேரங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தோம்.

வண்டி பின்னாலேயே ஊர்ந்து வரக்கூடாது என்பது பெரியவர் விதித்த ஒரே நிபந்தனை. “முதுகுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் வருவதுபோல் இருக்கும்” என்றார். ஆகவே காத்திருக்கும் இடங்களைக் குறித்தோம். ஓர் இடத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி பத்துக் கிலோமீட்டருக்கு மிகக்கூடாது. நிழல், குடிநீர், கைப்பேசி அலை மூன்றும் இருத்தல் வேண்டும். சாலையோரத்தில் வண்டியைத் திருப்ப இடம் வேண்டும். இவையனைத்தும் கூகுள் வரைபடத்தில் தெரிவதில்லை. மார்கழியில் மாணவர் இருவர் மோட்டார் சைக்கிளில் சென்று பார்த்துவந்தே பட்டியலை முடித்தோம்.

அப்படிச் சென்று பார்த்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 நாள்களின் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவாயிற்று. குளங்கள் உடைந்தன, தாமிரபரணிக் கரையூர்கள் தனித்தனித் தீவுகளாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, ஏறத்தாழ எண்ணூறு பயணிகள் சிக்கிக்கொண்டனர். அவர்களுக்கு அருகிலிருந்த சிற்றூர் மக்கள் சோறு பொங்கிப் போட்டனர். அதன்பின் எந்தக் குளக்கரைச் சாலை செப்பனிடப்பட்டது, எது இன்னும் கல்லும் பள்ளமுமாய் உள்ளது என்பதை ஊராரைக் கேட்டே அறிய வேண்டியிருந்தது. ஒரே இரயிலையோ ஒரே பாலத்தையோ நம்பித் திட்டமிடலாகாது என்பதையும் அவ்வெள்ளம் உணர்த்தியிருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் வேறொரு வழியை எழுதி வைத்துக்கொண்டோம்.

முதல் நாள் விடியலில் தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தின் அருகிலிருந்து புறப்பட்டோம். பெரியவரும் மிதிவண்டியும் குட்டியானையில் நேரே பழையகாயலுக்கு. நாங்கள் பத்தொன்பது இருபது கிலோமீட்டரை உப்பளங்களினூடே மிதித்துச் சென்று சேர்ந்தோம். அங்கே தேநீர் அருந்திக்கொண்டு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, அவர் எங்களுக்காகக் காத்திருந்த தோற்றம் கண்ணிலேயே நிற்கிறது. முக்காணி வரை வண்டியிலேயே வந்து, அங்கிருந்து மேற்கே ஏரல் பக்கம் செல்லும் சாலையில் அவர் மிதிக்கத் தொடங்கினார். இருபுறமும் வாழை. நடுவில் வாய்க்கால். மாணவர்கள் அவருக்கு முன்னே இருவர், பின்னே இருவராக மெல்லச் சென்றனர். மூன்று இடத்தில் இறங்கி ஓய்வெடுத்தார். ஓர் இடத்தில் மூச்சு வாங்கிற்று. கால்மணி நேரம் வாழைத்தோப்பில் அமர்ந்தோம். “வண்டியை வரச் சொல்லட்டுமா ஐயா?” என்று கேட்டேன். நாடியைத் தாமே பிடித்துப் பார்த்துக்கொண்டு, “இன்னும் ஐந்து நிமிடம்” என்றார்.

கொற்கையில் பெரிதாகக் காண ஒன்றுமில்லை என்று எண்ணுவோர் உண்டு. முதிர்ந்த வன்னிமரம் ஒன்று, அக்கசாலை என்னும் பெயர் தாங்கிய கோயில், குளம், சில தெருக்கள். அக்கசாலை என்பது நாணயம் அடிக்கும் இடம். பாண்டியர் துறைமுகத்தின் நினைவை அப்பெயர் ஒன்றே சுமந்து நிற்கிறது. 1968-69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கு அகழ்ந்தது. கிடைத்த கரித்துண்டு கி.மு. எட்டாம் நூற்றாண்டினது எனக் கணிக்கப்பட்டது. வயலில் நின்றிருந்த மூதாட்டி ஒருவர், “எங்கேயிருந்து வாறீய?” என்று வினவினார். பழையகாயலிலிருந்து என்றதும், “கடல்லேருந்தா இம்புட்டுத் தூரம் மிதிச்சீய?” என்றார். பெரியவர் மாணவர்களைத் திரும்பிப் பார்த்தார். விளக்கம் எதுவும் கூறவில்லை.

சிவகளையும் அருகிலேயே இருந்தது. மாணவர் நால்வர் அங்கும் செல்ல விழைந்தனர். வெயில் ஏறிவிட்டதாலும், குறித்த நேரத்தில் வண்டி ஏரலில் காத்திருந்ததாலும் அதை விட்டோம். கிளைப்பயணத்தில் கிளைக்கு ஒரு கிளை விடத் தொடங்கினால் மாலைக்குள் ஊர் சேர இயலாது. (நாங்கள் திரும்பிய சில நாள்களில், 2025 சனவரி 23 அன்று, தமிழகத்தில் இரும்பின் தொன்மை ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என்னும் அறிவிப்பு, சிவகளை முடிவுகளையும் சான்றாகக் காட்டி வெளிவந்தது. அந்நால்வரும் செய்தித்தாளை என் மேசைமேல் விரித்து வைத்துவிட்டுச் சென்றனர்.)

அன்றிரவு ஆத்தூரில் ஒரு மாணவரின் உறவினர் வீட்டு மாடியில் தங்கினோம். வெற்றிலைக் கொடிக்கால் சூழ்ந்த ஊர். 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது அவ்வெற்றிலை. மறுநாள் வெள்ளிக்கிழமை. காயல்பட்டினத்தில் ஜும்ஆத் தொழுகைக்குச் சென்று சேர வேண்டும். அதற்கு முன் காலையில் புன்னைக்காயல். தாமிரபரணி கடலோடு கலக்கும் இடம் அது. 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழில் ஆக்கியவரான அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகளார் நெடுங்காலம் பணியாற்றிய ஊர். இந்திய மொழிகளுள் முதலில் அச்சுக் கண்டது தமிழ் என்று மேடைதோறும் முழங்கும் நாம் அவ்வூருக்குள் செல்வதில்லை. ஏனெனில் அது சாலையில் இல்லை. அங்கு வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் சங்கு குளிப்பவர் வழக்கத்தைக் கூறினார்: மூழ்குபவனின் கயிற்றைத் தோணியில் பிடித்திருப்பவன் பெரும்பாலும் அவன் மச்சானாக இருப்பானாம். “தங்கச்சி தாலிய நெனச்சாவது கயித்த விடமாட்டாம்லா?” என்றார். அதைக் கேட்ட குட்டியானைக்காரர், மருமகனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

காயல்பட்டினத்தில் தொழுகைக்குப்பின் ஒரு வீட்டில் விருந்து. மாணவர் அனைவரும் சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டனர். இந்து மாணவர், கிறித்தவ மாணவர், முஸ்லிம் மாணவர் என்று பிரிந்தமர வழியேயில்லாத சாப்பாடு அது. வீட்டுக்கார காக்கா, பெண்கள் தனியே சென்றுவருவதற்கென்று வீடுகளின் இடையே அமைந்த ‘முடுக்கு’களைப் பற்றி விரிவாகக் கூறினார். பெரியவர் அன்று முழுதும் ஓய்வு. நால்வர் மட்டும் மிதிவண்டிகளை அங்கேயே நிறுத்திவிட்டு, இரயிலில் ஸ்ரீவைகுண்டம் சென்று, ஆட்டோவில் ஆதிச்சநல்லூரை அடைந்து, அகழ்ந்த இடத்திலேயே கண்ணாடிக்குக் கீழே காட்டப்படும் தாழிகளைக் கண்டு இரவில் திரும்பினர். கிளைப்பயணத்தை மிதிவண்டியிலேயே செய்ய வேண்டும் என்பதில்லை. 1923-இல் வந்த அந்த இரயில் பாதை இதற்கு நல்ல துணை.

சில்லறைச் செய்திகள் சில. சனவரியில் வாடை முதுகில் தள்ளும். ஆகவே வடக்கிலிருந்து தெற்கே செல்வதே முறை. ஆனி, ஆடியில் கச்சான் காற்றை எதிர்த்து மிதிப்பவர் பாடு திண்டாட்டம். உடைமுள் டயரைத் துளைப்பது உறுதி. நாங்கள் ஏழு பஞ்சர் கண்டோம். மாணவர் பலரிடம் இருந்தது பள்ளியில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியே. அதற்கு டியூப் எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைத்தது; கியர் வண்டி வைத்திருந்த ஒருவருக்குத்தான் தூத்துக்குடிக்கு ஆள் அனுப்ப நேர்ந்தது. வழியுணவுக்குத் தூத்துக்குடி மக்ரூன் உதவாது, அரைநாளில் தூளாகிவிடும். உடன்குடிக் கருப்பட்டி உதவும்.

மூன்றாம் நாள் திருச்செந்தூர் கடந்து, இஸ்ரோவின் இரண்டாம் ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினம் வழியே மணப்பாடு. இடையில் தேரிக்காட்டுச் செம்மணலைக் காணத் திரும்பினோம். அங்கே மிதிவண்டி உருளாது, தள்ளித்தான் செல்ல வேண்டும். பெரியவர் சாலையோரத்துப் பனையடியிலேயே அமர்ந்துவிட்டார். மணப்பாட்டுக்குத் திரும்பும் கிளைச்சாலையில் மீண்டும் இறங்கி மிதித்தார். வெயில் தணிந்திருந்தது, காற்றும் துணை. 1581-இல் கட்டப்பட்ட திருச்சிலுவைக் கோயில் நிற்கும் குன்றின் அடிவரை ஒரே மூச்சில் வந்துவிட்டார். குன்றேறவில்லை. ஏறலாமா என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கூறவில்லை. கீழே கடலைப் பார்த்தபடி நின்று, மகளுக்குக் கைப்பேசியில் அழைத்து, “இரண்டு நாளில் பதினேழு கிலோமீட்டர்” என்றார்.

நான்காம் நாள் உவரி, கூடங்குளம் வழியே கன்னியாகுமரி. அந்நாளில் அவர் முழுதும் வண்டியிலேயே வந்தார். தொடக்கத்தில் வினா எழுப்பிய மாணவர் உவரிக்கு அப்பால் கால்பிடிப்பால் தவித்து, குறித்த இடத்தில் நின்றிருந்த வண்டிக்கு வந்தார். பெரியவர் இறங்கி அவருக்கு இடம்விட்டு, தாம் டவுன் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். இருவரும் அதைப்பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த நோட்டு இப்போது துறை அலுவலக அலமாரியில் உள்ளது. விரும்பும் மாணவர் எடுத்துப் பார்க்கலாம். வடபகுதியாகிய கீழக்கரை, ஏர்வாடி, வேம்பார், தூத்துக்குடி வழிக்கு ஏற்பாடு தொடங்கியிருக்கிறது. அங்கே கரையை ஒட்டி இரயில் இல்லை. ஆகவே காத்திருக்கும் இடங்களை இன்னும் நெருக்கமாகக் குறிக்க வேண்டும். வேம்பாரிலிருந்து விளாத்திகுளம் வழியாக எட்டயபுரம் சென்று உமறுப்புலவர் அடக்கத்தலத்தையும் பாரதியார் இல்லத்தையும் கண்டுவர வேண்டுமென்பது மாணவர் விருப்பம். அக்கிளைச்சாலையில் தமக்கு எந்தப் பத்துக் கிலோமீட்டர் என்பதைப் பெரியவர் இப்போதே பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்.